பழவேற்காடு போறீங்களா? பார்க்க ஆயிரம் இருக்கு. முகத்துவாரத்துப் படகு மட்டும் வேண்டாம்!

22 உயிரைக் குடித்த தண்ணீர். லீவு நாளில் மறந்துவிடும் கூட்டம்

பழவேற்காடு, டிச.20-

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக லீவு வருகிறது. மெரினாவையும் மாமல்லபுரத்தையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன சென்னைவாசிகள் இப்போது வடக்குப் பக்கம் திரும்புகிறார்கள். கட்டுச்சோறு, தண்ணீர் கேன், பிள்ளைகுட்டி சகிதம் பழவேற்காட்டுக்குப் படையெடுப்பு!

சென்னையில் இருந்து சுமார் 60 கிலோ மீட்டர்தான். காலையில் போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவே மணல் திட்டு. பறவைக் கூட்டம், பழைய கல்லறை, கலங்கரை விளக்கம், துள்ளத் துடிக்க இறாலும் நண்டும். பாக்கெட்டைப் பதம் பார்க்காத உல்லாசப் பயணம்.

ஆனால் இதே ஊரில், இதே மாதிரி ஒரு லீவு நாளில், ஒரே படகில் போன 22 பேர் பிணமாகத் திரும்பினார்கள். அந்தச் சோகம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் தண்ணீரைப் பார்த்ததும் மறந்துவிடுகிறார்கள்.

அதன் விவரம் வருமாறு:-

கிறிஸ்துமஸ் அன்று நடந்த பயங்கரம்

2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் பண்டிகை. உறவுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பழவேற்காட்டுக்கு பிக்னிக் வந்தார்கள். பெண்கள், குழந்தைகள் உள்பட சுமார் 25 பேர் ஒரு மீன்பிடி படகில் ஏறினார்கள். மிதவைச் சட்டை கிடையாது. ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து சாப்பிடலாம் என்று கிளம்பியவர்கள்தான்.

படகு கவிழ்ந்தது. 22 பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். கரையில் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களைப் பார்த்து ஊரே அழுதது. பண்டிகைத் துணி உடுத்தி வந்த குழந்தைகள் அதே துணியோடு பிணமாகக் கிடந்த காட்சி கல் நெஞ்சையும் கரைத்தது.

அந்த விபத்துக்குப் பிறகு பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போடப்பட்டது. அதன்பிறகும் கள்ளத்தனமாக ஆட்களை ஏற்றிப் போவதாக அவ்வப்போது புகார் கிளம்பியது. "தடையெல்லாம் பேப்பர்ல சார்... ஏறுங்க, அஞ்சு நிமிஷத்துல கூட்டிட்டு வந்துடறேன்" என்று யாராவது கூப்பிட்டால், ஏறுவதற்கு முன்னால் அந்த 22 பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மீன் பிடிக்கும் படகு வேறு. ஆள் ஏற்றும் படகு வேறு

படகு ஏன் கவிழ்கிறது? கடவுள் குற்றமும் இல்லை. கெட்ட நேரமும் இல்லை. எல்லாம் கணக்குத்தான்.

மீன்பிடி படகு வலையையும் மீனையும் சுமப்பதற்காகக் கட்டியது. வலை படகின் அடியில் கிடக்கும், அசையாது. ஆனால் மனுஷன் அசைவான். ஆளுக்கு 50 கிலோ என்று வைத்தாலும் 25 பேர் என்றால் 1,250 கிலோ. அத்தனை எடையும் உட்கார்ந்திருக்கும் வரை ஒரு மாதிரி. நாலு பேர் போட்டோ எடுக்க எழுந்து நின்றால் வேறு மாதிரி. எழுந்து நிற்க நிற்க எடை மேலே ஏறும். படகு ஆட ஆரம்பிக்கும். ஆடுகிறதே என்று பயந்து எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முடிந்தது கதை.

தேக்கடியில் 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற காட்டு விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்துவிட்டது. கேரளாவில் மலப்புரம் மாவட்டம் தானூரில் 2023-ம் ஆண்டு மே 7-ந் தேதி இன்னொரு படகு கவிழ்ந்தது. மீன்பிடி படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். அங்கே செத்தவர்களும் 22 பேர்! ஊர் வேறு, வருஷம் வேறு, தப்பு மட்டும் ஒன்றே.

முகத்துவாரம் என்றால் என்ன?

பழவேற்காடு ஏரி நல்ல தண்ணீர் ஏரி அல்ல. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குக் கோடி மட்டும் தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே சுவர் மாதிரி கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு.

ஏரியும் கடலும் சந்திக்கிற வாசல்தான் முகத்துவாரம். ஏரிக்குள் தண்ணீர் ஆழம் அதிகம் இல்லை. பல இடத்தில் இடுப்பளவுதான். வெளியூர்க்காரர்கள் ஏமாந்து போவது இங்கேதான். "இடுப்பளவு தண்ணியில என்ன ஆயிடப்போவுது?" என்று நினைக்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஆரணி ஆறும் வடக்கே காளாங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் ஏரியில் வந்து விழும். கோடையில் சுருங்கிக் கிடக்கும் ஏரி அப்போது 450 சதுர கிலோ மீட்டர் வரை விரியும். அத்தனை தண்ணீரும் கடலுக்குப் போக குறுகலான வாசலைத்தான் தேடும். உள்ளே இருந்து ஏரித் தண்ணீர் தள்ளும். எதிரே இருந்து கடல் அலை மோதும். இரண்டும் முட்டுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும்பி உடையும். அடியில் மணல் திட்டு நாளுக்கு நாள் இடம் மாறும். நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று மேடு. இன்று மேடாக இருப்பது நாளைக்குப் பள்ளம்.

பரம்பரையாக அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவர்களே அலையை எண்ணி, நேரம் பார்த்துத்தான் முகத்துவாரத்தைத் தாண்டுவார்கள். அலைக்கு நேராகப் படகின் மூக்கு இருக்கவேண்டும். குறுக்கே திரும்பினால் ஒரே அலையில் புரட்டிவிடும். படகில் ஆள் அதிகம், எஞ்சின் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது என்றால் யாரும் காப்பாற்ற முடியாது.

டிசம்பர், ஜனவரியில்தான் சுற்றுலாக் கூட்டமும் அதிகம். மழைத் தண்ணீர் வடிகிற வேகமும் அப்போதுதான் அதிகம்!

படகே வேண்டாம்; கரையிலேயே கண்கொள்ளாக் காட்சி

"படகுல போகலேன்னா பழவேற்காட்டுல என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதோ.

முதலில் பறவைகள். குளிர்காலம் வந்தால் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். நீண்ட சிவந்த கால். வெள்ளையும் ரோஸ் நிறமும் கலந்த உடம்பு. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்றை வடிகட்டிச் சின்னஞ்சிறு உயிர்களையும் பாசியையும் தின்னும். தின்கிற இரையில் இருந்துதான் அந்த ரோஸ் நிறமே வருகிறது. கூழைக்கடா, நாரை, உள்ளான் என்று மற்றப் பறவைகளும் கூடவே இருக்கும். தமிழ்நாட்டுப் பகுதி 1980-ம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இதைப் பார்க்கப் படகே வேண்டாம். பறவை நிற்கிற இடம் ஆழமில்லாத சேற்றுத் தண்ணீர். எஞ்சின் சத்தம் கேட்டாலே கூட்டம் பறந்துவிடும். அண்ணாமலைச்சேரி பக்கம் கரையில் நின்று விடியற்காலையில் பார்க்கலாம். ஆந்திராவில் சூலூர்பேட்டையில் இருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற ரோடு ஏரிக்கு நடுவிலேயே போகிறது. ரோட்டோரம் நின்றாலே பூநாரை தெரியும். சூலூர்பேட்டைக்குப் பக்கத்தில் நேலபட்டு என்ற இடத்தில் கூழைக்கடாக்கள் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதையும் பார்க்கலாம்.

ராக்கெட் விடுகிற நாளில் வந்தால் இன்னொரு வேடிக்கை. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டு ராக்கெட் ஏறுவது பழவேற்காட்டுக் கடற்கரையில் நின்றாலே தெரியும். 2023-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி சந்திராயன்-3 கிளம்பியதும் இந்தத் தீவில் இருந்துதான். ஊரெல்லாம் கை தட்டுகிற அந்த நாளில் சுற்று வட்டார மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று எச்சரிக்கை வரும் என்பது பலருக்குத் தெரியாது.

எலும்புக்கூடு காவல் காக்கும் கல்லறை

அடுத்தது டச்சுக்காரர்கள் கல்லறை. ஊருக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும்! சின்னப் பிள்ளைகள் பார்த்தால் அலறும். உள்ளே 17-ம் நூற்றாண்டுக் கல்லறைகள். கல்லில் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் செதுக்கியிருக்கிறார்கள். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

மெட்ராஸ் என்ற ஊர் முளைப்பதற்கு முன்பே பழவேற்காடு பெரிய துறைமுகம். போர்த்துக்கீசியர்கள் வந்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமை இடம். 1690-ல்தான் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இங்கே நெய்த துணிக்குக் கடல் கடந்த நாடுகளில் ஏக கிராக்கி.

துணி மட்டும் போகவில்லை; மனுஷனும் போனான். பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான ஏழைகளை அடிமைகளாக விலைக்கு வாங்கி, இந்தத் துறைமுகத்தில் இருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். கல்லறையைப் பார்த்து "என்ன வேலைப்பாடு!" என்று வியக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டை இருந்த இடம் இப்போது புதர் மண்டிய மேடு.

ஊருக்குள் பழைமையான மகிமை மாதா கோவில் இருக்கிறது. பள்ளிவாசலில் நிழலைப் பார்த்து மணி சொல்லும் சூரிய கடிகாரம் இருக்கிறது. பழைய பெருமாள் கோவிலும் சிவன் கோவிலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். பனை ஓலையில் கூடை, பெட்டி முடைவதில் இந்த ஊர்ப் பெண்கள் கெட்டிக்காரர்கள். நாலு கூடை வாங்கினால் ஒரு வீட்டில் அடுப்பு எரியும்.

பாடு வந்தால்தான் சோறு

இந்த ஊருக்கு வருகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது மீனவர்களின் "பாடு" முறை. ஏரியில் இறால் கிடைக்கிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதற்காகப் பெரியவர்கள் காலத்தில் இருந்தே ஒரு கட்டுப்பாடு. எந்தக் குப்பத்துக்கு எந்த நாள், எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்று முறை வைத்திருக்கிறார்கள். தன் முறை வருகிற நாளில்தான் அந்த இடத்தில் வலை கட்ட முடியும். போலீசும் கோர்ட்டும் இல்லாமலே ஓடுகிற சட்டம் இது.

கட்டுப்பாடு நல்லதுதான். ஆனால் முறை வராத நாளில் சோற்றுக்கு என்ன வழி? முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது. இறால் குஞ்சும் வராது. அப்போது முறை வந்தும் பிரயோஜனம் இல்லை. முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும், மூடாமல் இருக்கச் சுவர் கட்ட வேண்டும் என்று மீனவர்கள் போராடியது பல வருஷக் கதை. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது இந்தக் கரையும் அடி வாங்கியது.

படகுகூட இல்லாதவர்களும் உண்டு. இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலைப் போடுகிற கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரிலேயே நகர்வார்கள். ஓட்டலில் தட்டில் வருகிற இறால் வறுவலுக்குப் பின்னால் இப்படி ஒரு பிழைப்பு இருக்கிறது.

இந்த நிலைமையில் லீவு நாளில் நாலு பேரை ஏற்றிப்போனால் கையில் காசு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? படகுக்காரர்களை வில்லன்களாகப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. விபத்து நடந்தால் மாட்டுகிறவன் படகுக்காரன். "இன்னும் ரெண்டு பேரு ஏறிக்கிறோம்ணே, பசங்கதானே" என்று கெஞ்சி ஏறுகிறவர்களுக்கும் பங்கு உண்டு.

தடை மட்டும் போட்டால் போதுமா?

தடை போட்டது சரி. ஆனால் தடையோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆசையும் பசியும் இருக்கிறவரை கள்ள சவாரியும் இருக்கும். கள்ள சவாரியில் ஆள் கணக்கு இல்லை, மிதவைச் சட்டை இல்லை, யார் போனார்கள் என்ற பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுத்துறை நடத்துகிறது. அங்கே டிக்கெட் உண்டு, மிதவைச் சட்டை உண்டு. அதே மாதிரி ஏற்பாடு பழவேற்காட்டிலும் வந்தால் என்ன? ஆள் ஏற்றுவதற்கென்றே கட்டிய படகு. லைசென்சு. இத்தனை பேர்தான் என்று படகில் பெயின்டால் எழுதிய கணக்கு. ஏரியின் உள்பகுதியில் மட்டும் சவாரி. முகத்துவாரத்துப் பக்கம் தலைகாட்டக்கூடாது. பறவைகள் இருக்கிற பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடு. ஓட்டுகிற வேலை உள்ளூர் மீனவர்களுக்கே. இப்படிச் செய்தால் பயணிக்கும் உயிர் மிஞ்சும். மீனவனுக்கும் வயிறு நிறையும்.

அது வரும்வரை படகு சவாரிக்கு ஆசைப்படுகிறவர்கள் முட்டுக்காட்டுக்கோ பிச்சாவரத்துக்கோ போவதுதான் புத்திசாலித்தனம். பழவேற்காட்டில் போகிற நாளில் அனுமதி உண்டா இல்லையா என்பதைப் போலீசிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படகுத்துறையில் நிற்கிற புரோக்கரிடம் அல்ல.

கடலில் குளிக்கிறவர்களுக்கும் எச்சரிக்கை

பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் போனால் கடற்கரை. மணல் அழகு, கூட்டமும் குறைவு. அதுதான் ஆபத்து. மெரினாவில் ஒருத்தன் தத்தளித்தால் பார்க்க ஆயிரம் பேர் உண்டு. இங்கே கூப்பிட்டாலும் கேட்க ஆள் இருக்காது.

கரையில் மோதிய அலைத் தண்ணீர் திரும்பிப் போகும்போது ஓரிடத்தில் வாய்க்கால் மாதிரி சேர்ந்து கடலுக்குள் இழுக்கும். இழுப்பு உள்ள இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாகத் தெரியும். குளிக்க வசதி என்று வாலிபர்கள் அங்கேயே போய் இறங்குகிறார்கள். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. கை ஓய்ந்துவிடும். கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தண்ணி போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கவே கூடாது.

தத்தளிப்பவனைக் காப்பாற்ற நீச்சல் தெரியாத கூட்டாளி குதிப்பதால்தான் ஒரு சாவு மூன்று சாவாக ஆகிறது. காலி தண்ணீர் கேன், கயிறு, புடவை, எது கையில் கிடைக்கிறதோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, குப்பத்து ஆட்களைக் கூப்பிட வேண்டும்.

எப்படிப் போவது?

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரெயிலில் பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் 18 கிலோ மீட்டர், பஸ் உண்டு. விடியற்காலை ரெயிலைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் பறவை பார்க்கலாம். பிறகு கல்லறை, கோவில்கள், மதியம் மீன் சாப்பாடு. மடவை மீன் குழம்பும் சேற்று நண்டும் இந்த ஊர் ஸ்பெஷல். சாயங்காலம் பாலத்தில் நின்று ஏரியில் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் திருப்தியாக வீடு வந்து சேரலாம். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் வீசாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் வலையில் மீனுக்குப் பதில் குப்பை மாட்டாது.

இத்தனைக்கும் ஒரு காலடிகூடப் படகில் வைக்கத் தேவையில்லை. இந்த லீவில் பழவேற்காடு போகிற குடும்பத் தலைவர்கள், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.